‘பாஸே’ என்னும் தீர்ப்பு

ஆங்கில வணிக ஏடுகளையும் பெருநிறுவன நிர்வாகிகளின் உரைகளையும் கவனித்துவரும் தோழர்களுக்கு ‘பாஸே’ என்ற சொல் புதிதாக இராது. தொழிற்சங்கம் பாஸே. வேலைநிறுத்தம் பாஸே. எட்டு மணி நேர வேலைநாள் பாஸே. பொதுத்துறை பாஸே. வர்க்கம் என்று பேசுவதே பாஸே. காலம் கடந்துவிட்டது, வழக்கொழிந்துவிட்டது, இனி அதைப் பற்றிப் பேசுவதே பாமரத்தனம் என்பது இதன் பொருள். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, ஆங்கிலத்தின் வழியே நம் நாட்டு மேட்டுக்குடியின் நாவில் குடியேறிய சொல் இது.

புனே நகரில் இச்சொல்லுக்கு நடமாட்டம் அதிகம். ஒருபுறம் பிம்ப்ரி, சிஞ்ச்வட், சாகண், ராஞ்சண்காவ் என விரியும் தொழிற்பேட்டைகள். மறுபுறம் ஹிஞ்சவடியிலும் கராடியிலும் கண்ணாடி மாளிகைகளாக எழுந்து நிற்கும் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள். நகரின் வடக்கே கட்கியிலும் தேஹு ரோடிலும் பாதுகாப்புத் தளவாட ஆலைகள். இந்த மூன்று உலகங்களிலும் தமிழ் உழைப்பாளர்கள் இருக்கிறார்கள். தொழிற்சங்கம் என்ற பேச்சை எடுத்தால், இரண்டாம் உலகத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிரித்தபடி இந்த ஒற்றைச் சொல்லால் பேச்சை முடித்துவிடுவது நமக்குப் பழக்கமான அனுபவம். அவர் வாதிடுவதில்லை, தீர்ப்பு வழங்குகிறார். அத்தீர்ப்பை அவர் எழுதவும் இல்லை. எங்கோ எழுதப்பட்டதை வாசிக்கிறார். அது எங்கே, யாருக்காக எழுதப்பட்டது என்பதைப் பார்ப்பது பயனுள்ளது.

வரவேற்பறையில் பிறந்த சொல்

‘பாஸே’ என்பது பிரெஞ்சு மொழியில் ‘கடந்து செல்’ என்ற வினையின் இறந்தகால எச்சம். ‘கடந்துபோன’ என்பதே அதன் நேர்ப்பொருள். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மேட்டுக்குடியினர் அதைத் தம் பேச்சில் எடுத்துக்கொண்டபோது, முதலில் பெண்களைக் குறித்தே பயன்படுத்தினார்கள். இளமையும் அழகும் கடந்துவிட்ட பெண் என்று பொருள்படும் ஏளனச் சொல்லாக அது வரவேற்பறைகளில் புழங்கியது. பின்னர் உடைகளுக்கும் நாகரிகப் பாணிகளுக்கும் பரவியது. அதன் பிறகே கருத்துகளுக்கும் நிறுவனங்களுக்கும் உரியதாயிற்று. பெண்ணின் வயதை அளந்த அதே பார்வைதான் இன்று தொழிலாளியின் உரிமையை அளக்கிறது. இரண்டிலும் அளப்பவர் யார், அவருக்கு அந்த அதிகாரத்தைத் தந்தவர் யார் என்ற கேள்வி எழாமல் பார்த்துக்கொள்ளப்படுகிறது.

பிரெஞ்சுக்காரர்களோ வழக்கொழிந்த ஒன்றைக் குறிக்கப் பெரும்பாலும் இச்சொல்லை அப்படியே பயன்படுத்துவதில்லை. ‘டெபாஸே’ என்பார்கள், முந்திச் செல்லப்பட்டது என்று பொருள். முந்திச் செல்லப்பட்டது என்றால், முந்தியது எது என்று கேட்க இடமுண்டு. ஆங்கிலத்தில் வழங்கும் ‘பாஸே’யில் அந்த இடமும் இல்லை. எது கடந்தது, எப்போது கடந்தது, யார் கடக்கச் செய்தார்கள் என்று எதையும் அது சொல்வதில்லை. செய்தவரை மறைத்துவிட்டுச் செய்யப்பட்டதை மட்டும் இயற்கை நிகழ்வுபோலக் காட்டுவதே அதன் இலக்கணம். மழை பெய்தது, பொழுது சாய்ந்தது என்பதுபோல், தொழிற்சங்கத்தின் காலம் முடிந்தது என்கிறார்கள்.

இதே பிரெஞ்சு மொழியிலிருந்துதான் நமக்கும் பல சொற்கள் வந்துள்ளன. பூர்ஷ்வா என்ற சொல்லும், கம்யூன் என்ற சொல்லும் அங்கிருந்தே வந்தவை. ‘இடதுசாரி’ என்பதே 1789-இல் பிரெஞ்சு தேசிய சபையில் மன்னரின் அதிகாரத்தை எதிர்த்தவர்கள் அவைத் தலைவருக்கு இடப்பக்கம் அமர்ந்ததிலிருந்து உருவான பெயர். ஒரே மொழியிலிருந்து தெருவில் போராடியவர்களின் சொற்களை ஒரு வர்க்கம் எடுத்துக்கொண்டது. வரவேற்பறையின் சொல்லை இன்னொரு வர்க்கம் எடுத்துக்கொண்டது.

தமிழிலும் இத்தகைய சொற்களுக்குப் பஞ்சமில்லை. பழமைவாதியைப் ‘பத்தாம்பசலி’ என்கிறோம். பசலி என்பது முகலாயர் காலத்தில் நிலவரி வசூலுக்காக ஏற்பட்ட ஆண்டுக்கணக்கு. ஏளனச் சொல்லில் மட்டும் அது பழையது. வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஜமாபந்தியிலும் இன்றைக்கும் பசலி ஆண்டுதான் நடப்பில் இருக்கிறது. வரி வசூலிப்பவருக்குத் தேவைப்படும் வரை எதுவும் பழையதாவதில்லை. மராத்தியில் ‘காலபாஹ்ய’ என்பார்கள். காலத்துக்கு வெளியே நிற்பது. நம் நாளேடுகள் ‘காலாவதி’ என்று எழுதுகின்றன, கெடு முடிந்தது. மருந்துப் புட்டிக்கும் பிஸ்கட் பொட்டலத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. அதைத் தயாரித்தவரே அச்சிட்டுத் தருகிறார். தொழிலாளர் சட்டத்தின் மீது அத்தேதியை அச்சிட்டவர் யார்?

எது பழையது? கணக்குப் பார்ப்போம்

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 29 மத்தியச் சட்டங்கள் இவற்றுள் கரைக்கப்பட்டன. பழைய சட்டங்கள் 1930-களிலும் 1950-களிலும் இயற்றப்பட்டவை, இன்றைய பொருளாதாரத்துக்குப் பொருந்தாதவை என்பது அரசின் வாதம். அதற்கு முன்பே, 2025 செப்டம்பரில், மகாராஷ்டிர அமைச்சரவை தொழிற்சாலைகளில் அன்றாட வேலை நேரத்தின் உச்சவரம்பை 9 மணியிலிருந்து 12 மணியாக உயர்த்த ஒப்புதல் தந்தது. கடைகளிலும் நிறுவனங்களிலும் 9 மணி நேரம் 10 மணி நேரமாயிற்று. இவை அனைத்துக்கும் ‘நவீனமாக்கல்’ என்று பெயர்.

ஒரு சட்டம் எந்த ஆண்டில் இயற்றப்பட்டது என்பதைக் கொண்டே அதன் பழமையை அளப்பதாயின், பன்னிரண்டு மணி நேர வேலைநாளுக்கு எத்தனை வயது என்றும் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவின் 1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம்தான் நெசவாலைகளில் வயது வந்த ஆண்களின் வேலை நேரத்துக்கு முதன்முதலாக வரம்பு விதித்தது. அந்த வரம்பு நாளொன்றுக்கு 12 மணி நேரம். முதல் உலகப் போருக்குப் பின் 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை எட்டு மணி நேரத்தை அறிவித்தது. அதன் அழுத்தத்தில் 1922-இல் இந்தியாவில் நாளொன்றுக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி என்றாயிற்று. 1934-இல் 10 மணியும் 54 மணியும் ஆயிற்று. டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து மேற்கொண்ட முயற்சிகளின் விளைவாக, 1946-இல் வாரம் 48 மணி, நாளொன்றுக்கு 9 மணி என்று சட்டம் திருத்தப்பட்டது. சுதந்திர இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அதை நிலைநிறுத்தியது.

அப்படியானால் காலவரிசையில் முந்தியது எது, பிந்தியது எது? பன்னிரண்டு மணி நேரம் 1911-இன் சரக்கு. நாற்பத்தெட்டு மணி நேர வாரம் 1946-இன் சாதனை. புதியதைப் பழையது என்றும், பழையதைப் புதியது என்றும் சொல்லும் இந்தத் தலைகீழ்க் கணக்குக்கு ‘பாஸே’ என்ற சொல் முத்திரை குத்திக் கொடுக்கிறது.

இன்ஃபோசிஸ் நிறுவனம் 1981-இல் புனேயில்தான் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் சொன்னார். வாரத்துக்கு ஆறு நாள் என்று வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம். இது 1922-இல் அந்நிய அரசு விதித்த 60 மணி நேர வரம்பைத் தாண்டுகிறது. 1911-ஐத் தொட்டு நிற்கிறது. லார்சன் அண்டு டூப்ரோ தலைவர் சுப்பிரமணியன் 2025 ஜனவரியில் பேசிய 90 மணி நேரமோ 1911-க்கும் பின்னால் போகிறது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று அவர் வருந்தினார். வார விடுமுறைக்காகப் பம்பாய் ஆலைத் தொழிலாளரைத் திரட்டியவர் நாராயண் மேகாஜி லோகண்டே. மகாத்மா ஜோதிபா ஃபுலேயின் தோழர். அவரது இயக்கத்தின் பலனாக 1890-இல் அந்த ஆலைகளில் ஞாயிறு விடுமுறை கிடைத்தது. 135 ஆண்டுகளுக்கு முன் ஆலை முதலாளிகள் விட்டுக்கொடுத்ததை இன்று திரும்பக் கேட்கிறார்கள்.

இந்தக் கணக்கு வெறும் எண் விளையாட்டன்று. 2024 ஜூலையில் புனேயில் ஒரு பன்னாட்டுக் கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் பணிபுரிந்த 26 வயதுப் பெண், வேலையில் சேர்ந்து நான்கே மாதங்களில் இறந்துபோனார். கேரளத்தைச் சேர்ந்தவர். அளவுகடந்த வேலைச்சுமையே தன் மகளின் உயிரைக் குடித்தது என்று அவருடைய தாய் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதம் நாட்டை உலுக்கியது. நிறுவனம் அதை மறுத்தது. தொழிலாளர் துறை அதிகாரிகள் சென்று பார்த்தபோது, வேலை நேரத்தை ஒழுங்குபடுத்தும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகம் பல ஆண்டுகளாகப் பதிவே செய்யப்படாமல் இயங்கியது வெளிவந்தது. சட்டம் காலாவதியாகவில்லை, அது அந்தக் கட்டடத்துக்குள் நுழையவே இல்லை. நுழையாத சட்டத்தைப் பயனற்றது என்று சொல்வது, கொடுக்காத மருந்தைக் குணப்படுத்தவில்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

பிரான்சிலிருந்து சொல்லை இறக்குமதி செய்தவர்கள், 2000-ஆம் ஆண்டில் அங்கே நடைமுறைக்கு வந்த 35 மணி நேர வாரத்தை இறக்குமதி செய்யவில்லை. பணி நேரத்துக்குப் பிறகு அலுவலகத் தொலைபேசியையும் மின்னஞ்சலையும் துண்டித்துக்கொள்ளும் உரிமையை 2017 முதல் அந்நாட்டுச் சட்டம் அங்கீகரிக்கிறது, அதையும் கொண்டுவரவில்லை. ஓய்வு பெறும் வயதை 62-இலிருந்து 64-ஆக உயர்த்துவதை எதிர்த்து 2023-இல் அங்கே லட்சக்கணக்கானோர் வாரக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள். ‘பாஸே’ என்ற சொல்லின் தாய்நாட்டில் வேலைநிறுத்தம் பாஸே ஆகவில்லை.

பிம்ப்ரியின் பெனிசிலின்

பொதுத்துறை பழங்கதை என்பது அடுத்த தீர்ப்பு. இதற்கும் புனேயிலேயே சாட்சி இருக்கிறது.

இந்தியாவின் முதல் பொதுத்துறை மருந்து உற்பத்தி நிறுவனமான இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் 1954-இல் பிம்ப்ரியில் நிறுவப்பட்டது. உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் உதவின. மறு ஆண்டே பெனிசிலின் உற்பத்தி தொடங்கியது. பின்னர் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. ஹாமைசின் என்ற பூஞ்சைக் கொல்லி மருந்து அந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலேயே கண்டறியப்பட்டது. பிம்ப்ரி ஒரு தொழில் நகரமாக உருவெடுத்ததில் இந்த ஆலைக்கு முதன்மையான பங்குண்டு.

1991-க்குப் பிறகு காற்று மாறியது. சந்தையில் மலிவாகக் கிடைப்பதை அரசு ஏன் தயாரிக்க வேண்டும் என்று கேட்டார்கள். இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டது. சீனாவிலிருந்து குறைந்த விலையில் பெனிசிலின் மூலப்பொருள் வந்து குவிந்தது. ஆலைக்கு முதலீடு மறுக்கப்பட்டது, நட்டம் ஏறியது, ஊதியம் நிலுவையில் நின்றது, பெனிசிலின் உற்பத்தியும் நின்றது. 2016 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை, நிறுவனத்தின் உபரி நிலத்தை விற்று நிலுவைகளைத் தீர்த்துவிட்டு ஆலையையே தனியாருக்கு விற்கலாம் என்று முடிவெடுத்தது.

2020-இல் கொரோனா வந்தது. முக்கிய மருந்துகளின் மூலப்பொருளுக்கு ஒரே நாட்டைச் சார்ந்திருப்பது ஆபத்து என்று அப்போதுதான் அரசுக்கு உறைத்தது. மருந்து மூலப்பொருள்களை உள்நாட்டில் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு ரூ.6,940 கோடி ஊக்கத்தொகைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் பெனிசிலின்-ஜியும் இருந்தது. அரவிந்தோ குழுமம் ஆந்திரத்தின் காக்கிநாடா அருகே அதற்கான ஆலையை அமைத்தது. 1955-இல் மக்கள் பணத்தில் மக்களுக்காகத் தயாரிக்கப்பட்ட அதே மருந்து, இப்போது மக்கள் பணத்தின் ஊக்கத்தொகையோடு தனியார் லாபத்துக்காகத் தயாரிக்கப்படுகிறது.

எனவே காலம் கடந்தது பெனிசிலினும் அன்று. உள்நாட்டு உற்பத்தியும் அன்று. அரசு செலவழிப்பதும் அன்று. செலவழிக்கப்படும் பணத்தின் உடைமை யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதே மாறியது. அந்த மாற்றத்தைச் செய்தவர்கள், செய்தது தாங்கள் அல்ல, காலம்தான் என்று சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டது.

செத்த பாம்புக்குத் தடி எதற்கு?

உண்மையாகவே வழக்கொழிந்த ஒன்று எப்படி மறைகிறது என்பதற்குத் தந்தி சேவை எடுத்துக்காட்டு. 160 ஆண்டுகளுக்கு மேல் இயங்கிய அச்சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. கைபேசி வந்தபின் தந்திக்குத் தேவை இல்லாமற்போயிற்று. தந்தி அனுப்புவோருக்குச் சிறைத் தண்டனை என்று யாரும் சட்டம் இயற்றவில்லை. அதற்குத் தேவையே எழவில்லை.

வேலைநிறுத்தத்தின் கதை அப்படியா? பாதுகாப்புத் தளவாட ஆலைகளை ஏழு கார்ப்பரேட் நிறுவனங்களாக உடைக்க 2021-இல் ஒன்றிய அரசு முடிவு செய்தபோது, தொழிலாளர் சம்மேளனங்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தை அறிவித்தன. உடனே ஜூன் 30 அன்று அவசரச் சட்டம் வந்தது. பின்னர் நாடாளுமன்றத்தில் அது சட்டமாயிற்று. அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவை என்ற பெயரில் வேலைநிறுத்தத்துக்குத் தடையும், மீறினால் சிறையும் அதில் எழுதப்பட்டன. 1869-இல் நிறுவப்பட்ட கட்கி வெடிபொருள் ஆலையின் தொழிலாளர்கள் 2021 அக்டோபர் 1 அன்று, புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியா என்ற நிறுவனத்தின் கீழ் கொண்டுவரப்பட்டார்கள்.

தொழில் உறவுச் சட்டத் தொகுப்பைப் பாருங்கள். எந்த நிறுவனத்திலும் 14 நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்ய முடியாது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தாலும் முடியாது. பாதி அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலே அது வேலைநிறுத்தமாகக் கருதப்படும். முன்பு 100 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஆலையை மூட அரசின் முன்அனுமதி தேவை. இப்போது 300 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் தேவை. வேலைநிறுத்தம் காலம் கடந்துவிட்டதென்றால் இத்தனை பூட்டுகள் எதற்கு? செத்த பாம்பை அடிக்க யாரும் தடி வெட்டப் போவதில்லை.

தமிழ்நாட்டிலிருந்தே இரண்டு சான்றுகள் உண்டு. திருப்பெரும்புதூர் அருகே சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களது முதன்மையான கோரிக்கை, தங்கள் சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது. 1926-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமைக்காக உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. நவீனத்தின் சின்னமாகக் காட்டப்படும் ஒரு பன்னாட்டு நிறுவனம், ‘வழக்கொழிந்த’ ஒரு பதிவுச் சான்றிதழைக் கண்டு ஏன் அத்தனை அஞ்சியது?

இரண்டாவது, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் அது நிறைவேறியது. இடதுசாரிகளும் தோழமைக் கட்சிகளும் வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் ஒன்றுதிரண்டன. மே தினத்தன்று மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் தோழர் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிச் சரியாக நூறு ஆண்டுகள் நிறைவுற்ற நாள் அது. பத்தே நாட்களில் ஒரு சட்டத்தைப் பின்வாங்க வைத்த இயக்கத்தைக் கடந்தகாலம் என்று எழுதுவோர் நாட்காட்டியைத் திரும்பப் பார்க்கட்டும்.

கடந்துபோக வேண்டியவை

இங்கே ஓர் எதிர்வாதத்துக்கு முகம் கொடுத்தாக வேண்டும். மார்க்சியவாதிகளாகிய நாமே பலவற்றைக் காலாவதியானவை என்கிறோம். நிலவுடைமை முறை காலாவதியானது என்கிறோம். முதலாளித்துவமும் ஒருநாள் கடந்துபோகும் என்கிறோம். அப்படியிருக்க, அதே சொல்லை அவர்கள் சொன்னால் மட்டும் ஏன் கோபம்?

வேறுபாடு அடிப்படையானது. ஒரு சமூக உறவு எப்போது காலம் கடந்ததாகிறது என்பதற்கு மார்க்ஸ் ஓர் அளவுகோல் தந்தார். உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சிக்கு அது தடையாக மாறுகிறதா, அதன் தேவை தீர்ந்துவிட்டதா என்பதே அந்த அளவுகோல். எட்டு மணி நேர வேலைநாள் எந்தத் தேவைக்காகப் பிறந்தது? உழைப்பவருக்கு ஓய்வும், குடும்பமும், கல்வியும், பொதுவாழ்வும் வேண்டும் என்பதற்காக. அத்தேவை தீர்ந்துவிட்டதா? சங்கம் எதற்காகப் பிறந்தது? தனியொரு தொழிலாளி நிர்வாகத்தோடு பேரம் பேச வலுவற்றவர் என்பதற்காக. கைபேசிச் செயலியின் வழியே வேலை பெறும் உணவு விநியோக ஊழியர், தன் நிர்வாகத்தின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாத நிலையில், முன்னெப்போதையும்விட வலுவற்றவராக இருக்கிறாரே! அவருக்குக் கிடைக்கும் ஒரு விநியோகத்துக்கு இவ்வளவு என்ற கூலி, ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ் தனி அத்தியாயம் ஒதுக்கி ஆராய்ந்த பீஸ் ரேட் கூலிதான். கருவி புதியது, சுரண்டல் முறை பழையது. தேவை நீடிக்கும் வரை அதற்குப் பிறந்த உரிமையும் நீடிக்கும். தொழில்நுட்பம் வளர்ந்திருக்கிறது என்றால், வேலைநாள் எட்டிலிருந்து ஆறாகச் சுருங்க வேண்டும் என்பதே அதன் தருக்கம்; பன்னிரண்டாக நீள்வது அன்று.

உண்மையாகவே கடந்துபோயிருக்க வேண்டியவை வேறு இருக்கின்றன. ஜோதிபாவும் சாவித்திரிபாயும் 1848-இல் புனேயின் பிடே வாடாவில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியபோது, அவர்கள் மீது சேறு வீசியவர்கள் காத்துநின்ற சாதி ஒழுங்கு இன்னும் கடக்கவில்லை. மனிதரே மலக்குழிக்குள் இறங்கும் கொடுமையை 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் தடை செய்தும், மரணங்கள் நிற்கவில்லை. இவற்றைப் பாஸே என்று எந்த நிர்வாகியும் கருத்தரங்கில் பேசிக் கேட்டதில்லை. மனுவின் சட்டத்தைப் பண்பாட்டுப் பெருமை என்பார்கள். 1948-இன் சட்டத்தைக் காலாவதி என்பார்கள். எதைப் பழம்பெருமை என்று போற்றுவது, எதைப் பழங்குப்பை என்று ஒதுக்குவது என்ற தெரிவில்தான் வர்க்க நலன் வெளிப்படையாகத் தெரிகிறது.

நம் பொறுப்பு

பழையவை அனைத்தையும் பாதுகாப்பது நம் வேலையன்று. நம்மிடையேயும் ஒரு பழக்கம் உண்டு. அவர்கள் பாஸே என்று முத்திரை குத்துவதுபோல், நாம் ‘பிற்போக்கு’ என்று குத்திவிட்டு விவாதத்தை முடித்துக்கொள்கிறோம். காரணம் சொல்லாத முத்திரை எந்த மொழியில் இருந்தாலும் அது சிந்தனைக்குப் போட்ட பூட்டுதான். அதைவிட முக்கியமானது, உரிமை பழையதாகாது என்பதால் அதைக் கொண்டுசெல்லும் வடிவமும் பழையதாகாது என்று நினைத்துவிடக் கூடாது. நிரந்தரத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே ஆலையில் பணிபுரிந்த காலத்தின் வாயிற்கூட்டம், இன்று சாகணில் ஒப்பந்தத் தொழிலாளரும் ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் வேலை வாங்கப்படுவோருமாக, நிறுவனப் பேருந்தில் வந்து நிறுவனப் பேருந்திலேயே திரும்பும் இளைஞரை எட்டுவதில்லை. ஹிஞ்சவடியில் இரவுப்பணி முடித்து விடுதிக்குத் திரும்பும் தமிழ்ப் பெண்ணுக்கு நம் துண்டறிக்கை போய்ச் சேருவதில்லை. அவர் சங்கம் பாஸே என்று சொன்னால், அதில் பாதி முதலாளித்துவப் பிரச்சாரம்; மீதிப் பாதி, சங்கத்தை அவர் தன் வாழ்வில் கண்டதே இல்லை என்ற உண்மை. முன்னதை எழுத்தால் எதிர்கொள்ளலாம். பின்னதற்கு அமைப்பு வேலைதான் விடை.

ஆகவே இச்சொல்லை எதிர்கொள்ளும்போது தோழர்கள் தற்காப்பில் இறங்க வேண்டியதில்லை. மூன்று கேள்விகளை அமைதியாகக் கேட்டால் போதும். இது பிறந்த தேவை தீர்ந்துவிட்டதா? இதன் இடத்துக்கு வருவது இதைவிட உண்மையில் புதியதா, அல்லது இதற்கும் முந்தையதா? இது போனால் யாருடைய பை நிரம்பும்? பன்னிரண்டு மணி நேரத்துக்கும், பிம்ப்ரியின் பெனிசிலினுக்கும், கட்கியின் வேலைநிறுத்தத் தடைக்கும் இக்கேள்விகளைப் பொருத்திப் பார்த்தோம். பழைய ஓய்வூதியத் திட்டத்துக்கும் பொருத்திப் பாருங்கள். 2004-க்கு முன் அதற்குப் ‘பழைய’ என்ற அடைமொழியே கிடையாது; ஓய்வூதியம் என்றால் அதுதான். பறிக்கும்போது சேர்க்கப்பட்ட அடைமொழி அது. அதை மீட்கக் கோரி மகாராஷ்டிர அரசு ஊழியர்கள் 2023 மார்ச்சில் ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தபோது, பல லட்சம் பேர் அந்த அடைமொழியை ஏற்க மறுத்தார்கள் என்றே பொருள்.

2025 ஜூலை 9 அன்று மத்தியத் தொழிற்சங்கங்களின் அறைகூவலை ஏற்று நாடெங்கும் நடந்த பொது வேலைநிறுத்தத்தில் சட்டத் தொகுப்புகளை விலக்கிக்கொள்ளக் கோரினோம். நான்கு மாதங்களில் அவை நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆனாலும், மூன்று வேளாண் சட்டங்களும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியவைதாம். ஆதரவு விலை, ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்பவையெல்லாம் பழைய காலத்துப் பேச்சு என்று அன்றும் சொன்னார்கள். தில்லியின் எல்லைகளில் ஓராண்டுக்கு மேல் அமர்ந்திருந்த விவசாயிகள் 2021 நவம்பரில் அச்சட்டங்களைத் திரும்பப் பெற வைத்தார்கள். தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்கும் அத்தகைய நாள் வர வேண்டுமெனில், அதற்கான தயாரிப்பு சாகணின் ஒப்பந்தத் தொழிலாளி தங்கியிருக்கும் அறையிலும் ஹிஞ்சவடியின் பெண் ஊழியர் விடுதியிலும் தொடங்க வேண்டும்; அவர்களுக்குப் புரியும் மொழியில், அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில். வரும் மாதங்களில் புனேயின் தமிழ்க் கிளைகள் முன்னுரிமை தர வேண்டிய வேலை அதுவே.